ஒன்பது வருஷத்தில் முதல் 'வேண்டாம்'

அத்தியாயம் 14

போன வாரம் முத்துப்பாண்டியை மூக்குடைபட்ட கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், மனுஷர் ஏழு நாளாக அப்படியேதான் இருக்கிறார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வார்த்தை. பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் 'மாடத்தி ஏரோ பைரோ பிரைவேட் லிமிடெட்' என்று ஒரு கம்பெனி. ஊர்க்காரர்களுக்கு அது ராக்கெட் கம்பெனி. தீபாவளிக்கு முந்தின வாரம் சொந்தபந்தமெல்லாம் "ரெண்டு பாக்ஸ் ராக்கெட் தாங்க மாமா" என்று மஞ்சப்பையோடு வந்து நிற்கும். இந்த 2007 தீபாவளிக்கும் நின்றது. அங்கே செய்வது அந்த ராக்கெட் அல்ல என்று முத்துப்பாண்டி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அங்கே செய்வது பற்றவைப்புக் குப்பி. மேலே போய்க் காற்றையும் ஈரத்தையும் அளந்து சொல்கிற நிஜ ராக்கெட்டுக்கு. கட்டை விரல் அளவு அலுமினியக் குப்பிக்குள் மருந்தை அடைத்து மூடித் தருவார்கள். குப்பி பற்றினால்தான் ராக்கெட் கிளம்பும். பற்றாவிட்டால் அம்மாம் பெரிய ராக்கெட்டும் நட்டு வைத்த கம்பம்தான்.

கம்பெனிக்கு நாலு டைரக்டர்கள். அண்ணன் முத்துப்பாண்டி சேர்மன். தம்பி புகழேந்தி எம்.டி. அண்ணன் மனைவி பொன்மணியும் தம்பி மனைவி இசைவாணியும் மீதி இருவர். காரியாபட்டிப் பக்கம் கூலிக்குக் களையெடுத்த குடும்பம் இது. தாய் மாடத்தியின் பெயரைக் கம்பெனிக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயர்ப்பலகையைத் தினம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் முத்துப்பாண்டி உள்ளே போவார்.

போன வாரம் திருவனந்தபுரத்து ராக்கெட் நிலையத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. மூன்று வருஷத்துக்கான ஆர்டர் அவர்கள் கையில் இருந்தது. ஷெட், மெஷின், தராசு எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். முத்துப்பாண்டிதான் பெருமை தாங்காமல் போர்டு மினிட்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாருங்க சார். ஒன்பது வருஷம், முப்பத்தாறு கூட்டம். ஒண்ணுலகூட சண்டை கிடையாது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதுதான்."

குழுத் தலைவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பது வருஷத்தில் ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்ல சார்."

"அப்ப ஒரு நாள் தப்பு நடந்தா, யார் நிறுத்துவாங்க?"

அந்தக் கேள்வியோடு ஆர்டர் அந்தரத்தில் நின்றுவிட்டது. உங்கள் போர்டு வேலை செய்கிறதா என்று ஒரு மாதம் பார்ப்போம். அதுவரை ஒவ்வொரு லாட் குப்பியையும் போர்டே கூடிப் பார்த்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போனார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை காலை, முத்துப்பாண்டி வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார். அவர் கணக்கு சுலபமானது. குழம்பில் உப்பு இல்லை என்றால் உப்புப் போட வேண்டும். மினிட்ஸில் 'வேண்டாம்' இல்லை என்றால் ஒரு 'வேண்டாம்' போட வேண்டும்.

இரண்டு குடும்பமும் ஒரே காம்பவுண்டுதான். காலைப் பலகாரம் அண்ணன் வீட்டில். இட்லித் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இசைவாணி பக்கம் திரும்பினார்.

"தாயி, பதினோரு மணிக்குக் கூட்டம். மூணாவது தீர்மானம் ஆபீஸ் சுவத்துக்கு நீல பெயிண்ட் அடிக்கிறது. ஞானசுந்தரி வாசிச்சு முடிச்சதும் நீ 'வேண்டாம்'னு சொல்லிரு. காரணம் கேட்டா, கண்ணு கூசுதுன்னு சொல்லு. நாங்க மூணு பேரும் வேணும்போம். மூணுக்கு ஒண்ணு. சோலி முடிஞ்சுது."

"சரி மச்சான்," என்றாள் இசைவாணி. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பொன்மணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதென்ன, எதுனாலும் அவளுக்குத்தானா? ஒன்பது வருஷமா நானும்தான் கையெழுத்துப் போடுறேன். எனக்கு ஒரு 'வேண்டாம்' கிடையாதா?"

"ஒரு கூட்டத்துக்கு ஒண்ணு போதும். உனக்கு அடுத்த கூட்டத்துல."

"வீட்டுல நான் சொல்ற வேண்டாமெல்லாம் எந்த நோட்டுல ஏறுது?"

"அதுக்கு நோட்டு பத்தாது மதினி," என்றான் புகழேந்தி. முத்துப்பாண்டி உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

கையெழுத்து என்று பொன்மணி சொன்னதில் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. முப்பத்தாறு கூட்டத்தில் இந்த இரண்டு பெண்களும் நேரில் உட்கார்ந்தது ஒன்றோ இரண்டோ. மற்றதெல்லாம் நோட்டுதான் அடுப்படிக்கு வரும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விரல் காட்டிய இடத்தில் போட்டுக் கொடுப்பார்கள். இத்தனைக்கும் இசைவாணி வேதியியலில் முதல் வகுப்பு. தினமும் கம்பெனிக்குப் போய், அடைத்த குப்பிகளின் மூடியைச் சோதிப்பதும் அவள்தான். ஆனாலும் போர்டு நோட்டு என்றால் அவளுக்கும் அது அடுப்படிச் சமாச்சாரமாகவே இருந்தது.

அன்று எட்டரை மணிக்கு அது மாறியது.

தீபாவளி முடிந்ததால் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் லீவு. சாலையில் லோடு வண்டி இல்லை, ஆள் இல்லை. ராக்கெட் கம்பெனி ஷெட்டுகளில் மட்டும்தான் நடமாட்டம். அடைப்பு ஷெட் வாசலில் வெள்ளைத்தாய் நின்றிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக மருந்து அடைக்கிற கை அவளுடையது. பட்டாசிலிருந்து குப்பிக்கு மாறியும் ஒன்பது வருஷம் ஆகிறது.

"ஆத்தா, ஒண்ணு சொன்னா மூஞ்சியத் தூக்க மாட்டீகளே?"

"சொல்லுங்கக்கா."

"செவ்வாக்கெளமை மளை பேஞ்சு கரண்டு போச்சுல்ல. அந்நேரம் மருந்து கரண்டியில ஒட்டுச்சு. உதறுனாலும் விளல."

இந்த வட்டாரத்தில் மழை என்றால் மருந்து ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள். மருந்து ஈரத்தைக் குடித்துவிடும். எந்தச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் இங்கே அடைப்பு ஷெட்டில் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் இருக்கிறது. 'எங்களுக்கு மழை லீவு கிடையாது' என்பது புகழேந்தியின் பெருமை. செவ்வாய்க்கிழமை மின்சாரம் போய் மெஷின் நின்றது. ஜெனரேட்டர் ஓட இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மெஷின் இருக்கிற தைரியத்தில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால் அடைக்கிறவர்களும் நிறுத்தவில்லை.

"இத யார்கிட்டச் சொன்னீக?"

"யார்ட்டச் சொல்ல? யாரும் கேக்கலையே."

இசைவாணி நேரே கணவனிடம் போனாள். பேக்கிங் ஷெட் வாசலில் புகழேந்தி, நாளைக்கு வரவேண்டிய வேனுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். செவ்வாயன்று அடைத்த நூற்றிருபது குப்பிகள், லாட் பதினான்கு, உள்ளே தயாராக இருந்தன. அவள் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டான்.

"அஞ்சு சாம்பிள் சுட்டுப் பாத்தாச்சு வாணி. அஞ்சும் ஜம்முனு பத்திருச்சு."

"அந்த அஞ்சும் எந்த ட்ரேயில எடுத்தது?"

"முதல் ட்ரே."

"முதல் ட்ரே கரண்டு போறதுக்கு முந்தி அடைச்சதுங்க."

அவன் குரல் மாறியது.

"மூணு வருஷ ஆர்டர் தொங்கிக்கிட்டு இருக்கு. நாற்பது பேரு பொழப்பு. அவங்க வந்துட்டுப் போனப்புறம் அனுப்புற முதல் லாட்டே லேட்டுன்னா அவங்க என்ன நினைப்பாங்க? இத மேல இழுக்காத."

இசைவாணி திரும்பி நடந்தாள். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆர்டர் போனால் வெள்ளைத்தாய் மறுபடி பட்டாசுக்குத்தான் போக வேண்டும். குப்பி பற்றாமல் போனாலோ, ஆர்டரோடு பெயரும் போகும். இன்றைக்கு இரண்டாவது தீர்மானமே லாட் பதினான்கை அனுப்புவதுதான். அதற்கும் அவள் 'சரி' சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாகச் சொன்ன அதே சரி.

கூட்டம் சரியாகப் பதினொன்றுக்கு. மாடி அறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சேர்மனுக்கு மட்டும் சுழல் நாற்காலி. விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய கம்பெனி செகரட்டரி ஞானசுந்தரி, மழைக்குப் பயந்து பாலிதீன் பையில் சுற்றியிருந்த நோட்டை வெளியே எடுத்தாள். பொன்மணி தீபாவளிப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். கூட்டத்தில் உட்கார்வதென்றால் சும்மாவா?

முதல் தீர்மானம், போன கூட்டத்து நடவடிக்கை. நாலு சரி.

"இரண்டாவது. லாட் பதினான்கு, நூற்றிருபது குப்பிகளை நாளை அனுப்ப ஒப்புதல்," என்று வாசித்தாள் ஞானசுந்தரி.

"சரி," என்றார் முத்துப்பாண்டி.

"சரி," என்றான் புகழேந்தி.

"வேண்டாம்," என்றாள் இசைவாணி.

முத்துப்பாண்டி சுழல் நாற்காலியோடு அவள் பக்கம் சாய்ந்தார். ரகசியம் என்று நினைத்து, மாடிப்படி வரை கேட்கிற குரலில் சொன்னார்.

"தாயி, அது மூணாவதுல. இது ரெண்டாவது."

"தெரியும் மச்சான். ரெண்டாவதுக்குத்தான் சொல்றேன்."

ஞானசுந்தரியின் பேனா பாதியில் நின்றது. அவளும் ஒன்பது வருஷமாக இந்த நோட்டை எழுதுகிறவள். இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்கே ஒரு நொடி தெரியவில்லை.

"வாணி, இதை வீட்டுல பேசிக்கலாம்," என்றான் புகழேந்தி. முகம் கறுத்திருந்தது.

"இல்ல சார்," என்றாள் ஞானசுந்தரி மெதுவாக. "இங்க எழுந்த பேச்சை இங்கேயே முடிக்கணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

இசைவாணி பேசினாள். கரண்டு போனது, மெஷின் நின்றது, மருந்து கரண்டியில் ஒட்டியது, சாம்பிள் எடுத்தது முதல் ட்ரேயில் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அடைக்கிறதும் எம்.டி., சோதிக்கிறதும் எம்.டி., அனுப்புறதும் எம்.டி. அவுக கெட்டிக்காரகதான் மச்சான். ஆனா அவுக கண்ணுல படாம ஒண்ணு தப்பினா, அதைப் பாக்க வேற கண்ணு நம்ம கம்பெனியில இல்ல."

தன் கணவனைப் பற்றி, அவன் எதிரிலேயே, அவன் அண்ணனிடம் சொல்கிறோம் என்பது அவளுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

பொன்மணி தொண்டையைச் செருமினாள்.

"அப்ப எனக்கும் வேண்டாம்."

"உனக்கு அடுத்த கூட்டத்துலன்னு சொன்னேன்ல?" என்றார் முத்துப்பாண்டி.

"இது நீங்க குடுத்த வேண்டாம் இல்ல. எங்க அய்யா பட்டாசு ஷெட்டுல மருந்துக் கட்டையில உக்காந்து அடைச்சவரு. கரண்டி ஒட்டுச்சுன்னா துண்ட உதறித் தோள்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவாரு. எந்த மொதலாளி கூப்பிட்டாலும் போக மாட்டாரு. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்."

இரண்டுக்கு இரண்டு.

"இப்ப என்ன செய்ய?" என்று முத்துப்பாண்டி ஞானசுந்தரியைக் கேட்டார்.

"சமமா இருந்தா சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு சார். நம்ம கம்பெனி விதியிலேயே இருக்கு."

"எனக்கு ரெண்டு ஓட்டா? இத்தன வருஷமா சொல்லவே இல்லையே."

"தேவைப்படல சார்."

அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். "முதல் ஓட்டுப் போட்ட பக்கமேதான் போடணுமா?"

"அப்படி ஒரு கட்டாயமும் இல்ல."

"வெள்ளைத்தாயக் கூப்பிடுங்க."

வெள்ளைத்தாய் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவை ஒட்டி நின்றாள். ஒரு காலத்தில் முத்துப்பாண்டியும் அவளும் ஒரே ஷெட்டில் எதிரெதிரே உட்கார்ந்து அடைத்தவர்கள். இப்போது அவர் சுழல் நாற்காலியில். அவள் புகழேந்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பியப் பாக்காத. என்னையப் பாரு," என்றார் முத்துப்பாண்டி. "ஒட்டுச்சா, இல்லையா?"

"ஒட்டுச்சு மொதலாளி."

"எத்தன குப்பி?"

"ஒரு ட்ரே. இருவத்தி நாலு. மெசினு ஓடினப்புறம் ஒட்டல."

"அந்த ட்ரேய மட்டும் எடுத்து வச்சிரலாம்ல?"

"எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பெட்டியில அடுக்கியாச்சே. எது எதுன்னு ஆருக்குத் தெரியும்?"

புகழேந்தி நெற்றியைத் தேய்த்தான். கலந்து அடுக்கச் சொன்னது அவன்தான்.

முத்துப்பாண்டி வெள்ளைத்தாயை அனுப்பிவிட்டு எழுந்து நின்றார். கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் நின்றார்.

"ஏலே புகழு. முதல் ஓட்டு என் தம்பிக்குப் போட்டது. அதத் திருப்பி வாங்க மாட்டேன். ரெண்டாவது ஓட்டு சேர்மனோடது. லாட் பதினாலு போக வேண்டாம்."

ஞானசுந்தரி எழுதினாள். பழக்க தோஷத்தில் 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டு, அடித்தலுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள். யார் சரி சொன்னார், யார் வேண்டாம் என்றார், ஏன் என்றார் எல்லாம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அந்த நோட்டில் அதுவரை எந்தத் தீர்மானமும் நாலு வரியைத் தாண்டியதில்லை.

மூன்றாவது தீர்மானமான நீல பெயிண்டை எதிர்க்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் புகழேந்தி யாரையும் பார்க்காமல் கீழே இறங்கிப் போனான். இசைவாணி ஆறின டீயோடு உட்கார்ந்திருந்தாள். பொன்மணி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னடி, இம்புட்டு சில்லுனு இருக்கு?"

"பயந்துட்டேன்கா."

"எனக்கும் படபடன்னுதான் வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லட்டா? நல்லாத்தான் இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்சம் கண்ணீரும் வந்தது, இசைவாணிக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. நாலு மணிக்கு ஆபீஸ் அறையிலிருந்து ஆள் அனுப்பினான். அவள் போனபோது போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"திருவனந்தபுரத்துக்கு நான்தான் சொல்லணும். கூட இரு."

கோபமா, சமாதானமா என்று குரலில் தெரியவில்லை. ஸ்பீக்கரைப் போட்டான். லாட் பதினான்கு நாளை வராது, போர்டு நிறுத்திவிட்டது என்று சொன்னான். அந்தப் பக்கம் குழுத் தலைவர் காரணம் கேட்கவில்லை. மினிட்ஸை ஃபேக்ஸ் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஃபேக்ஸ் போனது. பதிலுக்கு அரைமணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அரைமணியில் இசைவாணி மனசுக்குள் கம்பெனியை இரண்டு தடவை மூடித் திறந்துவிட்டாள்.

போன் அடித்தது.

"இசைவாணிங்கிறது யாரு?"

"என் மனைவி சார்."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு.

"புதுசா அடைச்சு அனுப்புங்க. மூணு வாரம் டைம். பழைய லாட்டைப் பூட்டி வையுங்க, வர்ற வெள்ளிக்கிழமை நாங்களே வந்து பார்க்கிறோம். லேட்டானதுக்காக ஆர்டர் போகாது. நிறுத்தத் தெரிஞ்ச கம்பெனிதான் எங்களுக்கு வேணும்."

இசைவாணி கண்ணை மூடித் திறந்தாள். நாலு நாள் மழைக்கப்புறம் வெயில் வந்த மாதிரி இருந்தது.

"ஆனா ஒரே ஒரு கேள்வி இதில் இல்லை," என்றது குரல். "கரண்டு போனா ஒரு நிமிஷத்தில் ஜெனரேட்டர் ஓடும்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. அன்னைக்கு ஏன் இருபத்தஞ்சு நிமிஷம்?"

புகழேந்தியின் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"போர்டுல வச்சுச் சொல்றோம் சார்."

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன் வீட்டுல முதல்ல சொல்லல வாணி?"

"எட்டரைக்கே சொன்னேனே. நான் உங்ககிட்டத்தான் சொன்னேன். எம்.டி. பதில் சொன்னாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுச் சிரிப்பு இல்லை, பாதிதான். பாதியிலேயே நின்றது. சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ஜெனரேட்டர் ரூம் சாவி. செவ்வாக்கிழமை லைசென்ஸ் விஷயமா சூலக்கரைக்குக் கலெக்டர் ஆபீஸ் கிளம்பினேன்ல, பைக்குள்ள இதுவும் வந்துருச்சு. மழையில பாதி வழி போனப்புறம்தான் கை பட்டுச்சு. திரும்பி வந்து நானே திறந்துவிட்டேன். ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. நானும் சொல்லல."

இந்தப் பக்கத்து முதலாளிமார் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி, அந்தச் சாவிக்கு ஒரே பை. காலையிலிருந்து இசைவாணி மழையையும் மின்சாரத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியது. போன வருஷம் பொன்மணியின் கூடப்பிறந்த தம்பி தீப்பெட்டியோடு மருந்து ஷெட் வாசல் வரை வந்துவிட்டான். அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார் முத்துப்பாண்டி. மருந்து விஷயத்தில் தப்புச் செய்தவன் எனக்குச் சொந்தம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பொன்மணி மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. அவர் மனசை மாற்றிக்கொள்ளவும் இல்லை. கையில் இரண்டு ஓட்டு இருப்பதும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை அவங்க வர்றப்ப போர்டும் கூடணும். அந்தக் கூட்டத்துல இதை நீ கேளு," என்றான் புகழேந்தி. "நானா எந்திருச்சுச் சொன்னா அண்ணன் 'விடுலே'ன்னு பேச்ச மாத்திருவாரு, இல்லாட்டி ஒரேயடியா வெட்டி விட்டுருவாரு. நீ கேட்டா, நான் பதில் சொல்லித்தான் ஆகணும். அவரும் கேட்டுத்தான் ஆகணும்."

"நோட்டுல ஏறும். திருவனந்தபுரத்துக்கும் போகும்."

"தெரியும்."

"எம்.டி. பதவியே போயிரலாம்."

"அதுவும் தெரியும். காலையில நீ 'வேண்டாம்'னு சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. நெசமா சொல்றேன், கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. மூணு நாளாத் தூக்கம் இல்ல வாணி."

அவனைப் பார்த்து அவளுக்கு மனசு இளகியது. பயமும் இருந்தது. ஆனால் கல்யாணமான பதினோரு வருஷத்தில் இன்றைக்கு இருந்த அளவுக்கு இவனோடு நெருக்கமாக இருந்ததில்லை என்றும் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். அவன் வெட்கப்பட்டான்.

பிறகு போனைத் தன் பக்கம் இழுத்து, ஞானசுந்தரிக்குப் போட்டாள். விருதுநகர் பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவள் எடுத்தாள்.

"அடுத்த கூட்டத்துக்கு ஒரு விஷயம் சேர்க்கணும். செவ்வாக்கிழமை ஜெனரேட்டர் ஏன் இருபத்தஞ்சு நிமிஷம் ஓடல."

"சரி மேடம். கேக்குறவங்க பேரு?"

"இசைவாணி."

"பதில் சொல்றவங்க?"

இசைவாணி தயங்கினாள். அவ்வளவு தைரியமும் அந்த ஒரு பெயரில் வந்து நின்றுவிட்டது. புகழேந்தி ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான்.

"புகழேந்தின்னு எழுதிக்கங்கம்மா," என்றான்.